கிரே அவுல்: பூண்டுகொண்ட பிறப்பும் பூர்வகுடிகளின் உரிமையும்
(ஒரு வரலாற்று நோக்கு)

முன்னுரை

அருட்பணி வரலாற்று வகுப்பொன்றில், வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடையே திருச்சபைகள் ஆற்றிய பணியைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கிரே அவுல் என்பவரின் வரலாற்றை நான் சுருக்கமாகக் கூற நேர்ந்தது. வகுப்பு முடியும் தறுவாயில் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அவர் சொன்ன பொய்யினால் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லையே, காடுகளுக்கும் விலங்குகளுக்கும் நன்மைதானே விளைந்தது? அப்படியிருக்க, அவரை நாம் ஏன் குறைகூற வேண்டும்?" என்று கேட்டார். எளிய கேள்விதான். ஆயினும் அதற்கு உடனே தக்க விடையளிக்க என்னால் இயலவில்லை. பின்னர் அமர்ந்து படித்துச் சிந்தித்ததன் பயனே இக்கட்டுரையாகும்.

கிரே அவுல் என்னும் ஆங்கிலப் பெயருக்குச் சாம்பல்நிற ஆந்தை என்பது பொருள். இப்பெயரால் 1930-களில் உலகப் புகழ்பெற்ற ஒருவர், தம்மைப் பூர்வகுடித் தாய்க்குப் பிறந்தவர் என்று கூறிக்கொண்டார். அவர் இறந்த அன்றே அக்கூற்று பொய்யென்று வெளிப்பட்டது. அவர் யார், எவ்வாறு அப்பிறப்பைப் பூண்டுகொண்டார், அதனால் இழப்படைந்தோர் யார், அக்காலத்துத் திருச்சபை எங்கே நின்றது என்பவற்றை ஆராய்வதே நம் நோக்கம்.

சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. நம் பழைய பாடநூல்கள் இம்மக்களைச் செவ்விந்தியர் என்று குறித்தன. கொலம்பஸ் தாம் வந்தடைந்த நிலம் இந்தியா என்று எண்ணிய பிழையிலிருந்து பிறந்த பெயர் அது. ஓஜிப்வே, க்ரீ, மொஹாக், செரோக்கி எனத் தத்தம் இனப்பெயரால் அழைக்கப்படுவதையே அவர்கள் விரும்புகின்றனர். ஆகவே பொதுவாகக் குறிக்க வேண்டிய இடங்களில் பூர்வகுடிகள் என்னும் சொல்லையே இக்கட்டுரை கையாளுகிறது.

1. ஹேஸ்டிங்ஸ் நகரத்துச் சிறுவன்

ஆர்ச்சிபால்டு ஸ்டான்ஸ்பெல்டு பெலேனி 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரமாகிய ஹேஸ்டிங்ஸில் பிறந்தார். பெற்றோரின் அரவணைப்பு அவருக்குக் கிட்டவில்லை. தந்தையின் உடன்பிறந்த சகோதரிகளாகிய இரு அத்தைமாரும் பாட்டியுமே அவரை வளர்த்தனர். அச்சிறுவன் தனிமையை நாடுபவனாகவும், வளர்ப்புப் பிராணிகளிடம் அன்புள்ளவனாகவும், வட அமெரிக்கப் பூர்வகுடிகளைப்பற்றிய நூல்களில் தோய்ந்தவனாகவும் இருந்தான். 1906-இல், தம் பதினேழாம் வயதில், பெலேனி கனடாவுக்குக் கப்பலேறினார்.

ஒன்டாரியோ மாநிலத்தின் வடபகுதியிலுள்ள டெமகாமி ஏரிக்கரையில் அவர் ஓஜிப்வே மக்களுடன் பழகத் தொடங்கினார். ஓடம் செலுத்துதல், பனிக்காலத்தில் காட்டில் தங்குதல், பொறிவைத்து விலங்கு பிடித்தல், அம்மக்களின் மொழி ஆகிய யாவற்றையும் அவர்களிடமே கற்றார். 1910 ஆகஸ்டில் ஏஞ்செல் எக்வூனா என்னும் ஓஜிப்வே பெண்ணை மணந்தார். ஆக்னெஸ் என்னும் பெண் மகவும் பிறந்தது. ஆனால் விரைவிலேயே மனைவியையும் குழந்தையையும் விட்டுப் பிரிந்தார். பின்னர் வேறொரு பெண்ணுடன் வாழ்ந்தார். அவர் ஒரு மகனைப் பெற்றபின் காசநோயால் மறைந்தார். முதல் உலகப் போரில் கனடியப் படையில் சேர்ந்து, பிரெஞ்சு - பெல்ஜியப் போர்முனையில் குறிபார்த்துச் சுடும் வீரராகப் பணியாற்றி, 1916-இல் காலில் காயமுற்று இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே 1917-இல், ஏஞ்செல் உயிரோடிருக்கையிலேயே, இளமைத் தோழியாகிய ஐவி ஹோம்ஸ் என்பவரை மணந்தார். அவ்வாண்டிலேயே அவரை விட்டுக் கனடாவுக்குத் திரும்பினார். முந்தைய திருமணத்தை அறிந்த ஐவி பின்னர் மணவிலக்குப் பெற்றார்.

இச்செய்திகளை அவரது ஒழுக்கத்தைப் பழிப்பதற்காக இங்கே அடுக்கவில்லை. பிறப்பைப்பற்றிய பொய் தனித்து நிற்கவில்லை என்பதைக் காட்டுவதற்காகவே கூறுகிறோம். விட்டுச்சென்ற உறவுகளை மறைக்க வேண்டியிருந்த ஒருவருக்கு, தொடக்கமே இல்லாத ஒரு புதிய பிறப்பு வசதியாக அமைந்தது.

2. புகழின் ஆண்டுகள்

1925-இல் அவர் கெர்ட்ரூடு பெர்னார்டு என்னும் இளம்பெண்ணைச் சந்தித்தார். மொஹாக் மரபினராகிய இவரே பின்னர் அனஹாரியோ என்னும் பெயரால் அறியப்பட்டார். பெலேனியின் வாழ்வை மாற்றியவர் இவர் என்பதில் ஐயமில்லை. பல்லால் மரத்தை அறுத்து ஓடைகளில் அணை கட்டும் பீவர் என்னும் விலங்கை, அதன் தோலுக்காகப் பொறிவைத்துப் பிடித்து விற்பதே அக்காலத்தில் பெலேனியின் தொழில். பொறியில் அகப்பட்டு விலங்குகள் படும் வேதனையைக் கண்டு அனஹாரியோ வருந்தினார். தாயை இழந்த இரண்டு பீவர் குட்டிகளைக் கொல்லாது வளர்க்கும்படி அவர் வேண்டினார். அக்குட்டிகளை வளர்த்த அனுபவம் வேட்டைக்காரரைப் பாதுகாவலராக்கியது.

1929-இல் இங்கிலாந்தின் இதழொன்றில் வெளிவந்த அவரது முதற்கட்டுரை, பெலேனி என்னும் இயற்பெயரையே தாங்கியிருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அப்பெயர் மறைந்து, கிரே அவுல் என்னும் பெயர் நிலைத்தது. மெக்சிகோ நாட்டின் எர்மோசியோ நகரில், ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் அப்பாச்சி இனத் தாய்க்கும் தாம் பிறந்ததாக அவர் கூறினார். தலைமயிரைக் கறுப்பாக்கிச் சடையாகப் பின்னினார். மான்தோல் ஆடையும் காலணியும் அணிந்தார். 1931-இல் கனடிய அரசின் தேசியப் பூங்காத் துறை அவரைப் பணியில் அமர்த்தியது. அவரையும் அவருடைய பீவர்களையும் திரைப்படமாக்கியது. சஸ்காச்சவன் மாநிலத்திலுள்ள பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்காவில், அஜவான் ஏரிக்கரையில் அவருக்குக் குடில் அமைத்துத் தரப்பட்டது. 1931 முதல் 1936 வரை அவர் எழுதிய நான்கு நூல்களும் பெரும் வரவேற்பைப் பெற்றன.

லோவட் டிக்சன் என்னும் பதிப்பாளரின் முயற்சியால் 1935-36-இல் பிரிட்டனில் அவர் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தில் 200-க்கும் மேற்பட்ட கூட்டங்களில் உரையாற்றினார். 1937-இல் இரண்டாம் சுற்றுப்பயணம் நடைபெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் பக்கிங்காம் அரண்மனையில், ஆறாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையிலும், பிற்காலத்தில் அரசியாரான எலிசபெத்து இளவரசியார் முன்னிலையிலும் உரையாற்றினார். லெஸ்டர் நகரில் அவர் பேச்சைக் கேட்ட சிறுவர்களில் இருவர் ரிச்சர்டு அட்டன்பரோ, டேவிட் அட்டன்பரோ ஆகிய சகோதரர்கள். இளையவர் இயற்கையைப்பற்றிய படங்களுக்காக உலகறிந்தவரானார். மூத்தவர் 1999-இல் கிரே அவுலின் வாழ்வையே திரைப்படமாக்கினார். பேச்சின் வலிமை அத்தகையது. காடு மனிதனுக்குச் சொந்தமன்று, மனிதனே காட்டுக்குரியவன் என்னும் கருத்தைச் சூழலியல் என்னும் சொல் பரவாத காலத்திலேயே அவர் மக்கள் மனத்தில் பதித்தார். அவர் செய்த இந்நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

3. வெளிப்பட்ட உண்மை

1938 ஏப்ரல் 13-ஆம் நாள், சுற்றுப்பயணத்தால் உடல் நலிந்திருந்த கிரே அவுல், நிமோனியாவினால் பிரின்ஸ் ஆல்பர்ட் நகர மருத்துவமனையில் இறந்தார். அன்றே ஒன்டாரியோவில் வெளிவந்த 'நார்த் பே நகெட்' என்னும் நாளேடு, அவர் பூர்வகுடியினர் அல்லர், ஆங்கிலேயரே என்னும் செய்தியை வெளியிட்டது. சில நாள்களுக்குள் ஹேஸ்டிங்ஸ் நகரில் அத்தைமாரைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்தனர். பதிப்பாளர் டிக்சன் முதலில் நம்ப மறுத்து வாதாடினார். பின்னர் சான்றுகளுக்குப் பணிந்தார். பிற்காலத்தில் டொனால்டு ஸ்மித் என்னும் வரலாற்றாசிரியர் 1990-இல் வெளியிட்ட விரிவான வாழ்க்கை வரலாறு எஞ்சிய ஐயங்களையும் நீக்கியது.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்நாளேடு இச்செய்தியை 1938-இல் புதிதாகக் கண்டறியவில்லை. 1935-ஆம் ஆண்டிலேயே அதன் செய்தியாளர் ஏஞ்செல் எக்வூனாவைச் சந்தித்து உண்மையை அறிந்திருந்தார். கிரே அவுலின் பணி நல்ல பணியாயிற்றே, அதைக் கெடுப்பானேன் என்று கருதி ஆசிரியர் மூன்றாண்டுகள் அச்செய்தியை வெளியிடாது வைத்திருந்தார். அந்நோக்கம் இரக்கமுள்ளதே. ஆயினும் யாருடைய சாட்சி மேசையறைக்குள் பூட்டப்பட்டது? கைவிடப்பட்ட ஓர் ஓஜிப்வே மனைவியின் சாட்சியே பூட்டப்பட்டது. பூர்வகுடியினராக நடித்தவரின் புகழைக் காப்பதற்கு, உண்மையான பூர்வகுடிப் பெண்ணின் வாய் அடைக்கப்பட்டது. எவருக்கும் தீங்கில்லை என்னும் கூற்று முதன்முதல் உடைவது இவ்விடத்திலேயே.

4. கேட்கப்பட்ட குரலும் கேட்கப்படாத குரல்களும்

கிரே அவுல் வாழ்ந்த அதே ஆண்டுகளில் கனடாவின் உண்மையான பூர்வகுடித் தலைவர்களுக்கு நேர்ந்தவற்றை ஒப்புநோக்கினால் இதன் ஆழம் விளங்கும்.

கயூகா இனத்தலைவரும் ஆறு நாடுகளின் பேச்சாளருமாகிய டெஸ்கஹே என்பவர், தம் மக்களின் தன்னாட்சி உரிமையைச் சர்வதேச சங்கத்தின் முன் வைப்பதற்காக 1923-இல் ஜெனீவாவுக்குச் சென்றார். பல மாதங்கள் காத்திருந்தும் அச்சங்கம் அவரது விண்ணப்பத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. 1924-இல் கனடிய அரசு அவர் மக்களின் மரபுவழி மன்றத்தை நீக்கிவிட்டுத் தேர்தல்வழி மன்றத்தை அமைத்தது. டெஸ்கஹே 1925-இல் அயல்நாட்டிலேயே உயிர்நீத்தார்.

மொஹாக் இனத்தவராகிய பிரெடரிக் லாப்ட் என்பவர் முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியபின், 1918 டிசம்பரில் பூர்வகுடிகளின் நாடளாவிய சங்கமொன்றை நிறுவினார். அவரை அடக்க எண்ணிய பூர்வகுடி விவகாரத் துறை, அவருடைய சட்டப்படியான பூர்வகுடித் தகுதியையே நீக்கிவிட முயன்றது. 1927-இல் இயற்றப்பட்ட விதியொன்று, நில உரிமை வழக்குகளுக்காகப் பூர்வகுடிகளிடம் அரசின் அனுமதியின்றிப் பணம் திரட்டுவதைக் குற்றமாக்கியது. 1951 வரை அவ்விதி நடைமுறையிலிருந்தது.

ஆகவே, தம் மண்ணைக் கேட்ட பூர்வகுடியினருக்கு மேடையில்லை. பூர்வகுடி வேடம் பூண்டு விலங்குகளுக்காகப் பரிந்து பேசியவருக்கோ அரசுச் சம்பளமும் அரண்மனை அழைப்பும் கிடைத்தன. கிரே அவுல் ஓஜிப்வே மக்களை இகழவில்லை. அவர்களைப் போற்றியே எழுதினார். ஆயினும் கேட்போர் விரும்பியது நிலங்கேட்காத ஒரு பூர்வகுடியையே என்பதும், அவ்விருப்பத்துக்கு அவர் உருவங்கொடுத்தார் என்பதும் மறுக்கவியலாதவை. அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்த டெமகாமி மக்களின் நிலை என்ன? 1901 முதலே அவர்களது நிலம் அரசின் காப்புக்காடாக்கப்பட்டிருந்தது. அவர்கள் வாழ்ந்த பேர் தீவு 1971-இல்தான் அவர்களுக்குரிய ஒதுக்கிடமாக ஏற்கப்பட்டது. அவர்களது விரிவான நில உரிமைக் கோரிக்கையைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1991-இல் ஏற்க மறுத்தது. எனினும் அரசு அவர்களுக்குரிய கடமைகளிலிருந்து தவறியது என்பதை அத்தீர்ப்பே ஒப்புக்கொண்டது.

பீவர்களைக் காத்த பணியிலுங்கூட இதே நிலைதான். 1930-களில் ஜேம்ஸ் விரிகுடாக் கரையிலுள்ள ரூபர்ட் ஹவுஸ் என்னுமிடத்தில், க்ரீ இன வேட்டைக்காரர்கள், வாணிப நிலைய மேலாளர் ஜேம்ஸ் வாட், அவர் மனைவி மோட் வாட் ஆகியோருடன் இணைந்து, பீவர்களைப் பிடிக்காது விட்டுப் பெருகச் செய்யும் காப்பிடமொன்றை ஏற்படுத்தினர். பசியைப் பொறுத்துக்கொண்டு பொறிகளை ஒதுக்கிவைத்த அவ்வேட்டைக்காரர்களின் பெயர்களை உலகம் அறியாது. உலகம் அறிந்தது கிரே அவுலின் பெயரையே.

சட்டத்தின் முரண்பாட்டையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எழுத்துப்படி, பூர்வகுடித் தகுதி இல்லாத ஆடவனை மணக்கும் பூர்வகுடிப் பெண் தன் தகுதியை இழப்பாள். அவள் பிள்ளைகளும் இழப்பர். இவ்விதி 1985-இல்தான் மாற்றப்பட்டது. ஆங்கிலேயர் ஒருவர் ஆடையை மாற்றிப் பூர்வகுடியாக முடிந்தது. ஆங்கிலேயரை மணந்த பூர்வகுடிப் பெண்ணோ சட்டத்தின் பார்வையில் பூர்வகுடியல்லாதவளானாள்.

5. திருச்சபையின் இடம்

இவ்வரலாறு நமக்குத் தொலைவிலுள்ளது என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. கிரே அவுல் சடைபின்னி மேடையேறிய ஆண்டுகளில், கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகளின் சடைகள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன. அப்பள்ளிகளுக்குப் பணம் அளித்தது அரசு, நடத்தியவை திருச்சபைகள். கத்தோலிக்கத் திருச்சபை, ஆங்கிலிக்கன் திருச்சபை, ஐக்கியத் திருச்சபை, பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை ஆகிய யாவும் இதில் பங்குகொண்டன. 1883-இலிருந்து அரசுக் கொள்கையாக விரிவடைந்து, 1920-இல் கட்டாயமாக்கப்பட்ட இம்முறையில், 1990-களின் பிற்பகுதியில் இறுதிப் பள்ளி மூடப்படும்வரை ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். வந்தவுடன் அவர்களுடைய ஆடை களையப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழியில் பேசினால் தண்டனை கிடைத்தது. வீடு திரும்பாமலே இறந்தவர்களாக 4,100-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கணக்கிடப்பட்டுள்ளனர். 2015-இல் தன் அறிக்கையை வெளியிட்ட உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் இதனைப் பண்பாட்டு இனவழிப்பு என்றே குறிப்பிட்டது.

உண்மையான பிள்ளையிடமிருந்து பறிக்கப்பட்ட ஆடையும் மொழியும், அவற்றில் பிறவாத ஒருவர்மேல் பார்க்கும்போது அழகாகத் தோன்றின. ஒரே சமுதாயம் இவ்விரண்டையும் ஒரே காலத்தில் செய்தது. கிரே அவுலின் கூட்டங்களுக்குச் சென்று கைதட்டியோரில் பலர், அடுத்த ஞாயிறன்று அப்பள்ளிகளுக்கான காணிக்கையையும் மனமுவந்து படைத்திருப்பர். அவர்கள் தீயோர் அல்லர். நம்மைப் போன்ற சபையாரே. இதுவே நம்மை அச்சுறுத்த வேண்டியது.

திருச்சபைகள் பின்னர் தம் தவற்றை உணர்ந்தன. கனடா ஐக்கியத் திருச்சபை 1986-இல், நற்செய்தியோடு மேலைப் பண்பாட்டையும் திணித்ததற்காகப் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டது. ஆங்கிலிக்கன் திருச்சபை 1993-இலும், பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 1994-இலும் அவ்வாறே செய்தன. 2008 ஜூன் 11-இல் கனடிய அரசும் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது. ஐக்கியத் திருச்சபையின் மன்னிப்புக்குப் பூர்வகுடிச் சபையார் 1988-இல் அளித்த மறுமொழி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. அம்மன்னிப்பைக் கேட்டறிந்ததாக அவர்கள் ஒப்புக்கொண்டனர்; அதை ஏற்றுக்கொண்டதாகக் கூறவில்லை. சொன்னபடி திருச்சபை வாழ்ந்து காட்டும் என்று தாங்கள் நம்புவதாக மட்டும் தெரிவித்தனர்.

6. மற்றொரு வேடம்

பூர்வகுடிப் பிறப்பை உரிமைகொண்டாடியோர் யாவரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று. கிரே அவுலின் காலத்தவராகிய சில்வெஸ்டர் லாங் என்பவரை நோக்குவோம். 1890-இல் வட கரோலைனாவின் வின்ஸ்டன் நகரில் பிறந்த இவரது குடும்பம், வெள்ளையர், பூர்வகுடிகள் ஆகியோரின் கலப்பு மரபை உடையதாகக் கூறிக்கொண்டது. ஆனால் அவ்வூர்ச் சமுதாயம் அவர்களைக் கறுப்பினத்தாராகவே வகைப்படுத்தியது. அக்காலத் தென்மாநிலங்களில் அவ்வகைப்பாட்டின் பொருள் என்னவென்பதை நாம் அறிவோம்: தனிப் பள்ளி, தனி இருக்கை, அடைபட்ட வாயில்கள்.

லாங் செரோக்கியர் என்று கூறிக் கார்லைல் பூர்வகுடிப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் கனடாவில் செய்தியாளராகப் பணியாற்றி, பிளாக்புட் இனத் தலைவர் 'லாங் லான்ஸ்' என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, 1928-இல் கற்பனை நிறைந்த தன்வரலாறு ஒன்றை வெளியிட்டார். நியூயார்க் நகரத்து உயர்குடியினர் அவரை விருந்துக்கழைத்தனர். அவரது பிறப்பைப்பற்றி ஐயங்கள் எழுந்தபோது நட்புகள் விலகின. 1932 மார்ச்சில் கலிபோர்னியாவில் துப்பாக்கிக் குண்டினால் அவர் வாழ்வு முடிந்தது.

இருவரும் பொய் கூறினர். ஆனால் இருவரும் ஒரே இடத்திலிருந்து புறப்படவில்லை. பெலேனி, எல்லா வாயில்களும் திறந்திருந்த ஓரிடத்திலிருந்து, தாம் விரும்பிய வேடத்தை நோக்கிச் சென்றார். லாங், நிறவேற்றுமை அடைத்த வாயிலினின்று தப்புவதற்கு வேடம் பூண்டார். லாங் பூண்டது முழுப் பொய்யுமன்று. தமக்கிருந்த ஒரு மரபின்மேல் இல்லாத ஒரு மரபை அடுக்கினார். பாவத்தைப்பற்றிப் போதிக்கும் நாம், ஒருவனைப் பொய்க்குள் தள்ளிய சமுதாயத்தின் பாவத்தையும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

7. இரத்தமா? உறவா?

இச்சிக்கல் அக்காலத்தோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்து, சட்டப் பேராசிரியராயிருந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட்டரான எலிசபெத் வாரன், தம் குடும்பத்தில் வழங்கிவந்த கதையின் அடிப்படையில் செரோக்கி மரபைக் கூறிவந்தார். 1986 முதல் 1995 வரை சட்டப் பேராசிரியர்களின் விவரக் கையேட்டில் சிறுபான்மையினர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 2012-ஆம் ஆண்டுத் தேர்தலில் இது பெரும் சர்ச்சையாயிற்று. அவர் பணி நியமனம் பெற்றதில் இம்மரபுக் கூற்றுக்குப் பங்கில்லை என்று 2018-இல் செய்தித்தாள் ஒன்றின் விரிவான விசாரணை கண்டது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் மரபணுச் சோதனை முடிவை வெளியிட்டார். ஆறு முதல் பத்துத் தலைமுறைகளுக்கு முன் ஒரு பூர்வகுடி மூதாதை இருந்ததற்கு வலுவான சான்று உண்டென்று அது கூறியது.

பகைவர் வாயை அடைக்கவேண்டிய அச்சோதனை, செரோக்கி தேசத்தாரையே புண்படுத்தியது. ஏன்? அவர்கள் தம்மை ஓர் இனக்கலப்பின் பெயராகக் கருதவில்லை. ஓர் அரசாகவும் குடும்பமாகவும் கருதுகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தயாரிக்கப்பட்ட டாஸ் பட்டியலில் பெயருள்ள மூதாதையின் நேர்வழித்தோன்றல்களே அத்தேசத்தின் குடிமக்கள். அதனை முடிவுசெய்வது அவர்களே, ஆய்வுக்கூடமன்று. வாரன் 2019-இல் செரோக்கி தலைவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் பூர்வகுடிகளின் மன்றமொன்றில் வெளிப்படையாகவும் வருத்தந் தெரிவித்தார். அவரது கூற்று கிரே அவுலின் கூற்றைப் போன்ற கட்டுக்கதையன்று. வீட்டில் கேட்டதை நம்பி அவர் கூறினார். ஆயினும் யாரைக் கேட்டு அதைக் கூறினார் என்னும் கேள்வி எஞ்சி நின்றது.

திருமறையிலும் இச்சிக்கலுக்கு ஒத்த இடமொன்றுண்டு. சிறையிருப்பிலிருந்து திரும்பியோரின் பட்டியலைத் தரும் எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில், ஆசாரியர் என்று உரிமைகொண்டாடிய சில குடும்பத்தார் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடியும் காணாமற்போயினர். அவர்களுள் ஒரு குடும்பத்தின் முன்னோர், கீலேயாத்தியனாகிய பர்சிலாயின் வம்சத்தில் பெண்கொண்டு, பெண்வீட்டாரின் பெயரையே தரித்தவர். சபை அவர்களைச் சபித்துத் துரத்தவில்லை. திரும்பி வந்தோர் பட்டியலிலிருந்து நீக்கவுமில்லை. ஊரீம், தும்மீம் உடைய ஆசாரியர் ஒருவர் தோன்றித் தீர்ப்புக் கூறுமளவும் பரிசுத்தமான உணவில் பங்குகொள்ளாமல் காத்திருக்கும்படி ஆளுநர் கட்டளையிட்டார். உரிமைகொண்டாடுவோர் தாமே தீர்ப்புக் கூறலாகாது என்பதும், தீர்ப்பு அச்சமுதாயத்துக்குள்ளிருந்தே வரவேண்டும் என்பதும் அங்கே தெளிவாகின்றன.

ஆனால் எஸ்றாவின் காலத்து அட்டவணைகள் அயல்குலப் பெண்களைப் பிள்ளைகளோடு அனுப்பிவிடுவதற்கும் வழிவகுத்தன என்பதை நாம் மறக்கலாகாது. இரத்தத்தை மட்டும் அளவுகோலாக்கினால் கொடுமை பிறக்கும். எனவே ரூத்தின் புத்தகத்தையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். ரூத் வேற்றினத்தாள், மாமியாரின் மக்களையே தன் மக்களாகக் கொண்டாள். ஆனால் பெத்லகேமில் பிறந்தவள் என்று அவள் ஒருநாளும் கூறவில்லை. அப்புத்தகம் இறுதிவரை அவளை மோவாபியப் பெண் என்றே குறிக்கிறது. தன் பிறப்பை மறைக்காமலே அவள் உறவில் நுழைந்தாள். ஊர்வாசலில் கூடிய மூப்பர்கள் அவளை ஏற்றனர். கைவிட்டுச் செல்லாமை அவளுடைய உரிமைச் சீட்டாயிருந்தது.

பெலேனிக்கும் அவ்வழி திறந்தேயிருந்தது. டெமகாமி மக்கள் அவருக்கு மொழியைத் தந்தனர், தொழிலைத் தந்தனர், தம் மகளையும் தந்தனர். ஹேஸ்டிங்ஸில் பிறந்த ஆங்கிலேயன் நான். இம்மக்கள் எனக்குக் காட்டைக் கற்பித்தனர். இவர்களையும் கேளுங்கள் என்று அவர் மேடையில் கூறியிருக்கலாம். கூட்டம் குறைந்திருக்கக்கூடும், உண்மை நின்றிருக்கும். அவரோ உறவைக் கைவிட்டுவிட்டு, அதன் அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

முடிவுரை

அம்மாணவரின் கேள்விக்கு இப்பொழுது ஓரளவு விடை கூறலாம். கிரே அவுலின் பொய்யினால் தீங்கு நேர்ந்தது. ஏஞ்செலின் சாட்சி மூன்றாண்டுகள் மறைக்கப்பட்டது. நிலங்கேட்ட தலைவர்கள் வெளியே நிற்க, நிலங்கேளாத ஓர் உருவம் அவர்கள் இடத்தில் அமர்த்தப்பட்டது. உண்மை வெளிப்பட்டபின் அவர் காத்த காடுகளைப்பற்றிய செய்தியும் சில காலம் நகைப்புக்குள்ளாயிற்று. அவர் கூறிய சூழலியல் உண்மை அவரது பொய்யால் பொய்யாகிவிடவில்லை. ஆனால் நல்ல செய்தி ஒன்று அதை ஏந்தி வந்த பொய்யின் கடனையும் சுமக்க நேரிட்டது.

போதகப் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர்க்கு இதில் ஒரு பாடமுண்டு. ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் பேசும் அழைப்பு நமக்கு அடிக்கடி வரும். அப்பொழுது அவர்களைப்போலவே பேசி, அவர்களுள் ஒருவராகவே காட்டிக்கொள்ளும் ஆசையும் உடன்வரும்; சபையாரும் அதை மெச்சுவர். அவ்வேளையில் நாம் இன்னார், இவ்விடத்திலிருந்து வந்தவர் என்று கூறி, மேடையில் சற்று ஒதுங்கி, அம்மக்களுள் ஒருவருக்கு இடம் விடுவோமாக. அம்மாணவர் இப்பொழுது மலைவாழ் மக்களிடையே ஒரு சபையில் ஊழியஞ்செய்கிறார். இக்கட்டுரையை முதலில் அவருக்கே அனுப்பினேன். தம் சபையின் மூப்பர் ஒருவருக்கு இதனைப் படித்துக் காட்டியதாகவும், அம்மூப்பர் கேட்டுவிட்டு, "அந்த அம்மாள் ஏஞ்செல் என்ன ஆனார்கள்?" என்று மட்டும் கேட்டதாகவும் மறுமொழி எழுதியிருந்தார். நான் கேட்க மறந்த கேள்வி அதுவே.